தைப்பதற்கு முன்னால் முடிந்துவிடும் வேலை

ஒரு பர்ஸை மூடி மேஜைமேல் வையுங்கள். கையை எடுத்ததும் அது வாயைப் பிளக்கிறதா? ஓரம் உப்பி நிற்கிறதா? மூலையில் மடிப்பு கட்டிகட்டியாகத் தெரிகிறதா? கடைக்காரர் புரட்டிப் பார்த்துவிட்டுத் "தையல் சரியில்லை" என்று திருப்பித் தருவார். தையலைப் பார்த்தால் நேராகத்தான் இருக்கும். தப்பு நடந்தது தைப்பதற்கு முந்தைய நாள், தோலை வெட்டிய மேஜையிலும் சீவிய இடத்திலும்.

சின்னதாகத் தோல் பட்டறை போடுகிறவர்கள் கையிலிருக்கும் பணத்தில் பெரும்பங்கைத் தையல் மெஷினில் இறக்கிவிடுகிறார்கள். முதல் தையல் மெஷினுக்கு அடுத்து வாங்க வேண்டியது, தோலின் ஓரத்தைச் சீவி மெல்லிசாக்கும் ஸ்கைவிங் மெஷின். இரண்டாவது தையல் மெஷின் அதற்குப் பிறகு வரட்டும். மூன்று நான்கு பேர் உட்கார்ந்து பர்ஸும் சின்னப் பைகளும் செய்யும் பட்டறையை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன். ஷூ, செருப்பு வேலை தனி உலகம். அதற்குக் கருவியும் வேறு, கணக்கும் வேறு.

தோல் வாங்கும்போது

சென்னை பெரியமேட்டிலோ ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையிலோ தோல் கடைக்குப் போனால் "அடி என்ன விலை?" என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். அடி என்றால் சதுர அடி. ஒவ்வொரு தோலின் பின்புறத்திலும் அளவு எழுதியிருக்கும். 14 என்று எழுதி அதன் தலைமேல் சின்னதாக 2 போட்டிருந்தால் பதினான்கரை அடி. மேலே இருப்பது கால் அடிக் கணக்கு. 1 என்றால் கால், 3 என்றால் முக்கால். இது தெரியாமல் பில் போடும் இடத்தில் குழம்புகிறவர்கள் நிறைய.

அளவு சரியாக இருந்தால் மட்டும் போதாது. தடிமன் பார்க்கும் கேஜ் ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும். கழுத்து, முதுகு, வயிறு என மூன்று இடத்தில் வைத்துப் பாருங்கள். 1.0 மி.மீ. என்று விற்கும் தோல் வயிற்றுப்பக்கம் 0.8 ஆகவும் கழுத்தில் 1.2 ஆகவும் இருக்கலாம். பர்ஸின் வெளித்தோலுக்கு 0.9 முதல் 1.0 மி.மீ. வேண்டும். உள் அறைகளுக்கு 0.5 முதல் 0.6 போதும். தோள்பைக்கு 1.4 முதல் 1.8. தடித்த தோல் மலிவாகக் கிடைத்தால், முழுத்தோலையும் மெல்லிசாகப் பிளக்கும் ஸ்ப்ளிட்டிங் மெஷின் வைத்திருப்பவரிடம் ஜாப் ஒர்க் கொடுத்து இழைத்துக்கொள்ளலாம்.

அடுத்து, தோலின் முகப்பு உள்பக்கம் வருமாறு மடித்துப் பாருங்கள். மயிரிழைச் சுருக்கமாக விழுந்து, விட்டதும் மறைந்தால் நல்ல தோல். மொத்தமொத்தமாகச் சுருங்கி, மேல்தோல் தனியாகக் கழன்ற மாதிரி தெரிந்தால் அது லூஸ் கிரெயின். வயிற்றிலும் தொடை இடுக்கிலும் இது சகஜம். முதுகிலேயே இருந்தால் வாங்காதீர்கள். ஈரமான வெள்ளைத் துணியால் பத்து முறை அழுத்தித் தேயுங்கள். துணியில் சாயம் ஏறினால் வாடிக்கையாளரின் சட்டையிலும் ஏறும்.

வெட்டிய விளிம்பையும் பார்க்க வேண்டும். முழுக்கச் சாயம் ஏறாத தோலாக இருந்தால், நடுவில் நீலச்சாம்பல் தெரிந்தால் குரோம் பதம், அதாவது குரோமிய உப்பில் பதனிட்டது; பழுப்பு தெரிந்தால் மரப்பட்டைப் பதம். திருச்சி, திண்டுக்கல் பக்கத்து ஈஸ்ட் இந்தியா தோல் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கண்ட பரம்பரை. அந்த மாதிரித் தோலின் ஓரத்தை ஈரப்படுத்தித் தேய்த்தால் பளபளப்பாகும். குரோம் தோலை எத்தனை தேய்த்தாலும் ஓரம் பஞ்சாகத்தான் நிற்கும். அதை மடித்துத் தைக்க வேண்டும், இல்லையென்றால் எட்ஜ் கலர் பூச வேண்டும். ஆக, எந்தத் தோல் என்பதைப் பொறுத்தே ஓரத்தை எப்படி முடிப்பது என்பதும், எந்த மெஷின் தேவை என்பதும் முடிவாகிவிடுகின்றன.

ஸ்டாக் லாட் தோல், அதாவது மீந்துபோன சரக்கு, விலை குறைவு. ஆனால் அந்த நிறம் மறுபடி வராது. ஐம்பது பீஸ் கொடுத்த கடை அதே நிறத்தில் இன்னும் இருநூறு கேட்டால் கையைப் பிசைய வேண்டியிருக்கும். முதல் ஆறு மாதத்துக்குக் கறுப்பும் பழுப்பும் போதும் என்பேன். ஐரோப்பாவுக்குப் போகும் சரக்கு என்றால் தோல் கொடுப்பவரிடம் டெஸ்ட் ரிப்போர்ட் கேளுங்கள்: நஞ்சான ஆறாம் நிலைக் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது 2015 முதல் அங்கே சட்டம்.

வெட்டும் மேஜை

6 அடிக்கு 3 அடி மேஜை, நின்று வெட்டும் உயரம், அதாவது சுமார் 36 அங்குலம். பக்கவாட்டில் ஜன்னல் வெளிச்சம் வரவேண்டும். தலைக்கு நேர் மேலே டியூப் லைட் மட்டும் இருந்தால் உண்ணி கடித்த புள்ளியும் முள் கிழித்த கோடும் கண்ணுக்குத் தப்பிவிடும். பீஸ் முடிந்து பாலிஷ் போட்ட பிறகுதான் பல்லைக் காட்டும்.

தோலுக்கு நீளவாக்கு, அகலவாக்கு உண்டு. முதுகெலும்பு ஓடும் திசையில் தோல் குறைவாக இழுபடும். குறுக்கே அதிகம் இழுபடும். வயிறு ரப்பர் மாதிரி. தோள்பையின் வாரைக் குறுக்கே வெட்டினால் மூன்று மாதத்தில் இரண்டு அங்குலம் தொங்கிவிடும். பர்ஸின் வெளித்தோல் முதுகிலிருந்து வரட்டும். கண்ணில் படாத உள் அறைகள் கழுத்திலிருந்தும் ஓரத்திலிருந்தும் வரலாம். வெட்டுவதற்கு முன் தோலை விரித்து, குறைகளைச் சுற்றி வெள்ளிப் பேனாவால் வட்டம் போட்டு, பெரிய பேட்டர்ன்களை முதலில் அடுக்கி, இடைவெளியில் சின்னதைச் சொருக வேண்டும். அவசரத்தில் சின்னதை முதலில் வெட்டுகிறவர் பெரியதுக்கு அடுத்த தோலை எடுப்பார்.

இதில் எவ்வளவு பணம் என்று பார்ப்போம். மூடினால் 11 × 9 செ.மீ. வரும் சாதாரணப் பர்ஸ். வெளித்தோல், மடிப்புக்கு ஒவ்வொரு பக்கமும் 6 மி.மீ. சேர்த்து, 23.2 × 10.2 செ.மீ.; அது 237 சதுர செ.மீ. உள்ளே ஆறு கார்டு அறைகள், ஒவ்வொன்றும் சுமார் 10 × 6.5, அது 390. சின்னத் துண்டுகள் சேர்த்து மொத்தம் 700 என்று வையுங்கள். ஒரு சதுர அடி 929 சதுர செ.மீ. எனவே பர்ஸுக்குள் இருப்பது முக்கால் அடித் தோல். வெட்டும்போது நூற்றுக்கு 25 வீணானால் ஒரு பர்ஸுக்கு ஒரு அடி செலவு. 35 வீணானால் 1.16 அடி. ஐந்நூறு பர்ஸில் வித்தியாசம் சுமார் 77 அடி. அடி 100 ரூபாய் என்றால் 7,700 ரூபாய் குப்பைக்கூடையில் கிடக்கிறது. தையல் மெஷின் எவ்வளவு வேகமாக ஓடினாலும் இந்தப் பணம் திரும்பி வராது.

பேட்டர்ன் அளவு எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். இப்போதைய 500 ரூபாய் நோட்டு 150 × 66 மி.மீ. பழைய 500, 1000 நோட்டுகள் 73 மி.மீ. உயரம் இருந்தன, அந்தக் காலத்துப் பேட்டர்னை அப்படியே வைத்துக்கொண்டு தோலை வீணடிக்கும் பட்டறைகள் இன்னும் உண்டு. 50 யூரோ நோட்டு 77 மி.மீ. உயரம் என்பதால் அங்கே போகும் பர்ஸை 95 மி.மீ. உயரத்துக்குக் கொண்டுபோவது நல்லது. ஏ.டி.எம். கார்டு 85.6 × 54 மி.மீ. தையலுக்குத் தையல் உள் அளவு 92 மி.மீ. விட்டால் புதிதில் கொஞ்சம் இறுக்கமாக இருந்து பிறகு படியும். 88 விட்டால் கார்டு உள்ளே போகாது. 96 விட்டால் ஒரு வருடத்தில் கார்டு கீழே விழும்.

நோட்டு வைக்கும் அறையின் உள்பக்கத் துண்டு வெளித்தோலைவிட 6 முதல் 8 மி.மீ. நீளம் குறைய வேண்டும். மடிக்கும்போது உள்வட்டம் சின்னது, வெளிவட்டம் பெரியது. இரண்டையும் ஒரே நீளத்தில் வெட்டினால் உள்பக்கம் கசங்கி நிற்கும், பர்ஸ் வாயைப் பிளக்கும். முதலில் சொன்ன குறைகளில் ஒன்று இப்படித்தான் வருகிறது.

சீவல்

தெருமுனையில் செருப்புத் தைக்கும் பெரியவர் கல்லின்மேல் தோலை வைத்துக் கத்தியைப் படுக்கப்போட்டு ஓரத்தை இழைப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஸ்கைவிங் மெஷின் செய்வது அதே வேலையைத்தான், மணி வடிவக் கத்தி சுழன்று செய்கிறது. அந்தக் கைத்திறனுக்கு நம் ஊரில் மரியாதை கிடைத்ததில்லை. இந்தத் தொழிலின் அடிப்படையே அதுதான்.

பர்ஸ் ஓரத்தின் கணக்கு இது. வெளித்தோல் 1.0 மி.மீ. ஓரத்தில் 12 மி.மீ. அகலத்துக்குச் சீவி, தடிமனை 0.5 ஆக்குகிறோம். பிறகு 6 மி.மீ. மடித்தால் 0.5 மேல் 0.5 உட்கார்ந்து மறுபடி 1.0 ஆகிறது, நடுப்பகுதிக்கும் ஓரத்துக்கும் வித்தியாசம் கைக்குத் தெரியாது. சீவும் அகலம் மடிப்பைப்போல் இரு மடங்கு இருக்க வேண்டும் என்பதை மறக்கக்கூடாது. 6 மி.மீ. மட்டும் சீவி 6 மி.மீ. மடித்தால், வளைவு தடித்த இடத்தில் விழும். சுத்தியலால் தட்டித் தட்டி ஓரத்தை நசுக்க வேண்டிவரும். மூலைகளை 0.3 வரை கையால் சீவி, குத்தூசியின் முனையால் ஐந்தாறு சின்னக் கொசுவமாக ஒதுக்கி ஒட்டுங்கள். இரண்டு பெரிய கொசுவமாக விட்டால் அதுதான் கட்டிதட்டிய மூலை.

கார்டு அறைகளை 0.9 மி.மீ. தோலிலேயே, முழு அகலத்துக்கு மூன்று அடுக்கு வைத்துத் தைத்தால் பக்கத் தையலில் ஒரு பாதி மட்டும் நாலரை மி.மீ. தாண்டும், மூடினால் காலியாகவே 9 மி.மீ. அறைகளை 0.6 ஆக்கி, ஆங்கில T வடிவத்தில் வெட்டுங்கள். மேல் இரண்டு அறைகளில் இருபுறமும் நீளும் காதுகள் மட்டும் பக்கத் தையலைத் தொடும், அதுவும் வேறு வேறு உயரத்தில். கீழ்ப்பகுதி ஒடுங்கி உள்ளேயே லைனிங்கோடு தைக்கப்பட்டுவிடும். தடிமன் பாதியாகக் குறையும்.

மெஷின் தகராறு செய்தால் பெரும்பாலும் காரணம் கத்திதான். தோலைச் சீவாமல் கடித்து மென்றால் கத்தி மழுங்கியிருக்கிறது, அல்லது சாணை பிடித்த பிறகு உள்பக்கம் பிசிறு அப்படியே நிற்கிறது. தோல் உள்ளே போகாமல் திணறினால், அதை உள்ளே இழுக்கும் ஃபீட் கல்லில் பசையும் தூசும் அடைத்திருக்கும். கத்தி தேயத்தேய அதை முன்னால் நகர்த்தி, தோலை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டுக்கு நெருக்கமாக, உரசாமல் நிறுத்த வேண்டும். இடைவெளி கூடினால் மெல்லிய தோல் கிழியும். சாணை பிடிக்கும் முன் சீவல் தூசு முழுவதையும் அள்ளிவிடுங்கள். பொறி விழுந்தால் அந்தத் தூசு புகைந்து பிடிக்கும். ஒவ்வொரு லாட்டுக்கும் முன்னால் அதே தோலின் கழிவுத் துண்டில் ஓட்டிக் கேஜ் வைத்துப் பாருங்கள். நல்ல பீஸில் போய்ச் சோதனை செய்யாதீர்கள்.

ஒட்டும் மேஜை

ரப்பர் சொல்யூஷன் தற்காலிகமாகப் பிடித்து நிறுத்த, மடிப்புக்கு. ஃபெவிகால் எஸ்ஆர் 998 போன்ற பசை நிரந்தரமாக ஒட்ட. இரண்டு பக்கமும் மெல்லிசாகப் பூசி, விரலில் ஒட்டாத பதம் வரும் வரை, சாதாரண நாளில் 10 முதல் 15 நிமிஷம், காயவிட்டு அழுத்த வேண்டும். ஈரத்தில் ஒட்டினால் உள்ளே ஆவி அடைபட்டு ஒரு வாரத்தில் பிரியும். மழைநாளில் பசையின்மேல் கண்ணுக்குத் தெரியாமல் ஈரம் படியும். அன்று கூடுதல் நேரம் விடுங்கள்.

இதில் ஒரு விஷயத்தைக் கெஞ்சிக் கேட்பேன். இந்தப் பசைகளில் டொலுவீன் போன்ற கரைப்பான்கள் இருக்கின்றன. அவற்றின் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கும். கூரைக்கு அருகே எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். ஃபேன் மேஜை மட்டத்துக்குக் கீழே, பசை வைத்திருப்பவரின் முகத்துக்கு எதிர்ப்பக்கம் இழுக்கிற மாதிரி இருக்க வேண்டும். துணி மாஸ்க் தூசைத்தான் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. கரி கார்ட்ரிட்ஜ் உள்ளதுதான் உதவும். ஹெக்சேன் என்ற கரைப்பான் கலந்த பசையோடு மூடிய அறையில் வேலை செய்த ஷூ, செருப்புத் தொழிலாளர்களுக்குக் கைகால் மரத்து நரம்பு பழுதான சம்பவங்கள் இத்தாலியிலும் ஜப்பானிலும் மருத்துவர்கள் பதிவு செய்தவை. டின்னை மூடி வையுங்கள், பெரிய டின்னிலிருந்து சின்னக் கிண்ணத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். நைலான் நூல் முனையை லைட்டரால் பொசுக்கும் வேலை அறையின் மறுகோடியில் நடக்கட்டும்.

இப்போது தையல் மெஷின்

பர்ஸ் வரை மெல்லிய வேலைக்கு, ஜூக்கி டிடிஎல் 8700எச் மாதிரி கனத்த துணிக்கான மெஷினில் டெஃப்லான் ஃபுட் போட்டால் ஓடும். பைக்குப் போகும்போது, ஊசியும் ஃபுட்டும் பல்லும் சேர்ந்து நகரும் காம்பவுண்ட் ஃபீட் வேண்டும். ஜூக்கி டிஎன்யு 1541 அந்த வகை. ஃபுட்டின் அடியில் பல் வெட்டியிருந்தால் மென்தோலில் தடம் பதியும். வழவழப்பான ஃபுட் கேட்டு வாங்குங்கள். பழைய மெஷின் வாங்குவதில் தப்பில்லை. கிளட்ச் மோட்டார் இருந்தால் கழற்றிவிட்டு 550 வாட் சர்வோ மோட்டார் போடுங்கள். தோலில் வேகத்தைவிட நிதானம் முக்கியம். மூலையில் ஒவ்வொரு தையலாக இறக்க வேண்டும். தப்பாக விழுந்த ஓட்டை துணியில் கூடிவிடும், தோலில் கூடாது.

ஊசியில் பலர் ஏமாறுகிறார்கள். காம்பவுண்ட் மெஷின் ஊசி 135×17 என்று கேட்டால் கடையில் உருண்டை முனை ஊசி கொடுப்பார்கள், அது துணிக்கு. அதே நீளத்தில் தோலை வெட்டிக்கொண்டு போகும் முனை வேண்டுமென்றால் 135×16. அதிலும் எல்ஆர் முனை சாய்வாக வெட்டும். தையல் அழகாகச் சாய்ந்து விழும், தோலும் பலம் இழக்காது. எஸ் முனை தையல் கோட்டின் திசையிலேயே வெட்டும். கோடு நேராகத் தெரியும், ஆனால் தையலை நெருக்கினால் ஓட்டைகள் சேர்ந்து தபால்தலை மாதிரி கிழியும். பர்ஸுக்கு டெக்ஸ் 70 (டெக்ஸ் என்பது நூலின் கனத்தைச் சொல்லும் எண்) பாண்டட் நைலான் நூல், ஊசி 100 அல்லது 110, தையல் நீளம் 3 மி.மீ., ஓரத்திலிருந்து 2 மி.மீ. தள்ளி. பைக்கு டெக்ஸ் 135, ஊசி 120 முதல் 140, தையல் 4 மி.மீ. நூல் இடமுறுக்கு, அதாவது இசட் முறுக்காக இருக்க வேண்டும். மாறியிருந்தால் ஓட ஓட முறுக்கு அவிழ்ந்து பிரியும்.

தையல் விட்டுவிட்டு விழுந்தால் டென்ஷனைத் திருகாதீர்கள். முதலில் ஊசி முழுக்க மேலே ஏறியிருக்கிறதா, ஊசியின் பள்ளம், கீழே நூலைப் பிடிக்கும் ஹூக் பக்கம் திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து ஃபுட் அழுத்தம்: அழுத்தம் குறைந்தால் ஊசி மேலே வரும்போது தோலும் கூடவே எழும், நூல் வளையம் உருவாகாது, ஹூக்குக்குப் பிடிக்க ஒன்றும் இருக்காது. அதற்கும் சரியாகவில்லை என்றால்தான் டைமிங். ஊசி அடிமட்டத்திலிருந்து 2 மி.மீ. போல மேலே ஏறும் நேரத்தில் ஹூக்கின் மூக்கு ஊசிக் கண்ணுக்குச் சற்று மேலே, ஊசியின் நடுவில் வந்து நிற்க வேண்டும். அடிப்பக்கம் நூல் கொத்தாக வந்தால் பழி பாபின்மேல் விழும். உண்மையில் மேல்நூல் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே உட்காராமல் வெளியே ஓடிக்கொண்டிருக்கும்.

ஆட்களும் பாக்கியும்

ஒரு தையல்காரருக்கு டேபிள் ஒர்க், அதாவது மடிப்பும் ஒட்டும், செய்ய இரண்டு பேர், வெட்டவும் சீவவும் ஒருவர். இந்த விகிதம் இல்லாமல் இரண்டு தையல்காரரை உட்காரவைத்தால் பாதி நாள் மெஷின் சும்மா நிற்கும். இருபது முப்பது பீஸாக லாட் போட்டு ஓட்டுங்கள். நூறாகப் போட்டால் சீவலில் விழுந்த தப்பு நூறு பீஸ் தாண்டிய பிறகுதான் தெரியும். பீஸ் ரேட் பேசும்போது மடிப்பு, ஒட்டு வேலையின் கூலியையும் தையல் கூலிக்குச் சமமாக மதித்துப் பேசுங்கள். ஆம்பூர் பக்கம் வீட்டில் உட்கார்ந்து ஷூ மேல்பாகம் தைக்கும் பெண்களுக்குக் கிடைக்கும் கூலியைப் பார்த்தால், இந்தத் தொழில் யாருடைய விரல்களில் நிற்கிறது என்பது தெரியும்.

கடைக்குச் சரக்கு கொடுத்து மூன்று மாதம் பணத்துக்கு அலைவதில்தான் நல்ல பட்டறைகளும் மூடுகின்றன. சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம். முதல் வாரமே செய்துவிடுங்கள். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, பதிவு செய்த சிறு உற்பத்தியாளருக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் வரவேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். இப்போது வருமான வரிச் சட்டமும் சேர்ந்துகொண்டது: தாமதமாகக் கொடுக்கும் நிறுவனம், கொடுத்த வருடத்தில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும். பில்லில் உத்யம் எண்ணை அச்சடித்திருந்தாலே கணக்குப்பிள்ளை உங்கள் பில்லை முன்னால் எடுத்து வைப்பார். மெஷின் கடனுக்கு மத்திய அரசின் சுயதொழில் கடன் திட்டமான பிஎம்ஈஜிபி இருக்கிறது. பொதுப் பிரிவுக்கு நகரத்தில் 15, கிராமத்தில் 25 சதவீத மானியம். பெண்கள், பட்டியல் சாதியினர் உள்ளிட்ட சிறப்புப் பிரிவுக்கு 25, 35.

மீதித் தோலைப் பிளாஸ்டிக்கில் சுற்றாதீர்கள், ஐப்பசி மழையில் பூஞ்சை பிடிக்கும். முகப்பு வெளியே வருமாறு சுருட்டி, பழைய பருத்தித் துணியில் சுற்றி, தரையிலிருந்து ஓரடி உயரப் பலகையில் வையுங்கள். கையகலத் துண்டுகளைத் தனியாகச் சேர்த்தால் சாவிக்கொத்து, ஜிப் ரன்னர் வால், கேபிள் பட்டை ஆகும். வாங்கிப்போகவும் ஆள் இருக்கிறார்கள். அதற்கும் சின்னதாக மிஞ்சுவதைத் தெருவோரம் போட்டு எரிக்கவே கூடாது. குரோம் தோல் எரியும்போது உள்ளே சாதுவாக இருக்கும் குரோமியம் நஞ்சான ஆறாம் நிலைக்கு மாறிச் சாம்பலில் தங்கும். அடுத்த மழையில் அது பக்கத்து வீட்டுக் கிணற்றுக்குப் போகும். சாக்கில் கட்டி, மழை படாத மூலையில் வைத்து, தோல் வாங்கிய ஊருக்கே அடுத்த லோடு வண்டியில் திருப்பி அனுப்புங்கள்.